இருபதுக்குப் பன்னிரண்டு

"...பதினேழு போட்டுட்டா, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு கத்துக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கும், மதாம்? அதனாலதான் நான் இதுவரைக்கும் யாருக்கும் பதினேழு போட்டதில்ல. இவளுக்கும் போட மாட்டேன்."

என் கணக்கு டீச்சர் இதைச் சொன்ன இடம் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. சொன்னது அந்தக் கல்லூரி முதல்வரான தலைவி அம்மாவிடம். 'இவள்' என்றது என்னை. எனக்கு இடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த அம்மா யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எனக்காகப் பேச வந்தவர் இப்படிப் பேசினார்.  பக்கத்தில் அப்பாவும் நின்றார்.

நம் வயதுக்காரர்கள் ஆளுக்கொரு பரீட்சைப் பயம் வைத்திருப்பார்கள். எனக்குப் பரீட்சையில் பயமே இல்லை. என் பயமெல்லாம் பரீட்சை எழுதி, தேறி, தெருவே கொண்டாடி முடித்த பிறகு வந்தது. அந்த ஒரு கோடைகாலம் முழுக்க நான் பயத்தோடு எழுந்து பயத்தோடு படுத்தேன். இன்றைக்கும் கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் அந்தக் கோடை திரும்ப வந்து நிற்கும்.

கள் வாசனை ஏன் என்றால், அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் நம் ஊரில் ரொட்டி மாவைக் கள் ஊற்றித்தான் பொங்கவைப்பார்கள். விடிவதற்குள் நீள ரொட்டிகளை அடுப்பிலிருந்து மரத்துடுப்பால் வாரி எடுத்துக் கூடையில் நிறுத்துவார். அவை ஆறும்போது பட் பட்டென்று ஓடு வெடிக்கும். "கேளு, ரொட்டி பேசுது" என்பார். பேசத் தெரிந்த மனுஷர். ரொட்டிகூட அவரிடம் சும்மா இருக்காது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கொடி மாறினாலும் எங்கள் பள்ளிக்கூடம் மாறவில்லை. பிரெஞ்சில்தான் படித்தோம், பிரெஞ்சில்தான் திட்டு வாங்கினோம். தமிழ் எழுதப் படிக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரொட்டி சுற்ற வாங்கிப்போடும் பழைய பத்திரிகைகளில் நானாக எழுத்துக் கூட்டிக் கற்றதுதான் இப்போது நீங்கள் படிப்பது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலும் விழுப்புரத்திலும் படித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு மார்க்கு நூற்றுக்கு. எங்களுக்கு இருபதுக்கு. பத்து எடுத்தால் தேறியாச்சு. பதினொன்று எடுத்தால் தலை நிமிர்ந்து நடக்கலாம். பன்னிரண்டு எடுத்தால் வீட்டில் கறிக்குழம்பு. பதினாலு எடுத்த ஒருத்தி முன்னொரு காலத்தில் இருந்தாளாம், கல்யாணமாகி சைகோன் போய்விட்டாளாம் என்று பெரிய வகுப்பு அக்காக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்தவர் இல்லை. டிக்தே என்று ஒன்று உண்டு. டீச்சர் படிக்கப் படிக்க நாம் எழுதணும். ஒரு பிழைக்கு நாலு மார்க்கு போகும். ஐந்து பிழை விட்டால் சுழி. அதற்கு மேல் விட்டாலும் சுழிதான், அது ஒன்றுதான் அதில் ஆறுதல்.

கணக்கு டீச்சரை எல்லோரும் மத்மாசேல் என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நம் ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் கணுக்கால் வரை கவுன், வெள்ளைக் காலுறை, தலையிலிருந்து கழற்றாத தொப்பி, கறுப்புக் குடை. பக்கத்தில் வந்தால் பவுடரும் கற்பூரமும் கலந்து மணக்கும். கையில் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமுமாக ஒரு பென்சில். அவர் சொல்கிற சொல் ஒவ்வொன்றையும் நான் இன்னும் வைத்திருக்கிறேன். வடிவக்கணக்கில் கோடு கோணினால், "உன் கோடு குடிச்சிட்டு நடக்குது" என்பார். விடையை மட்டும் எழுதிவிட்டு வந்தால், "விடை சரி. விடை மட்டும்தான் சரி" என்று பாதி மார்க்கை எடுத்துவிடுவார். யாராவது அழுதால், "நான் மார்க்கு குடுக்கல. இருக்கறத காட்டறேன். கண்ணாடியப் பார்த்து அழுவாதே" என்பார். அவரைக் கண்டால் எங்களுக்கு மூத்திரம் முட்டும். பொய் இல்லை.

எங்கள் பள்ளியிறுதியான பிரெவே பரீட்சையின் முடிவைப் பள்ளிக்கூட முற்றத்தில் நிறுத்தி வாசித்தார்கள். டிக்தேயில் எனக்கு நாலு. அங்கேயே என் உயிர் பாதி போனது. அடுத்துக் கணக்கு வாசித்தார்கள். பன்னிரண்டு! வகுப்பில் அதுதான் அதிகம். எல்லாம் கூட்டிச் சராசரி பார்த்தால் பதினொன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தேறிவிட்டேன்.

அன்று அப்பா கடையில் விற்பனை நடக்கவில்லை, கொடைதான் நடந்தது. பால் ரொட்டி சுட்டுப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "கணக்குல பன்னெண்டு! அந்த மத்மாசேல் கையால பன்னெண்டு!" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அம்மா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடி கேட்டார்: "இருபதுக்குப் பன்னெண்டா முதலாளி? மீதி எட்ட யாரு எடுத்துக்கினா?"

"மீதி எட்டு யாருக்கும் கெடையாது. அது கவர்மெண்டோடது" என்றார் அப்பா.

"அதான பார்த்தேன். எங்க போனாலும் அவன் பங்கு எடுத்துக்கிறான்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கோடையில் நான் பயமில்லாமல் சிரித்தது அதுதான் கடைசி.

அப்பாவுக்கு என்னை டாக்டர் ஆக்க ஆசை. அதற்கு இனிமேல் இங்கிலீஷ் வழிதான், முதலில் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. சேரணும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த அளவில் ஊரில் அதற்கு வழி இருக்கவில்லை. இந்தப் பேச்சு நடக்கிறபோதுதான் சித்தப்பா வந்து சேர்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். முதலியார்பேட்டையில் இருந்த சித்தியையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் பிரான்சுக்கே கூட்டிப்போக லீவில் வந்திருந்தார். நல்ல மனுஷர். அதுதான் சங்கடம். கெட்டவராயிருந்தால் நான் தைரியமாக அழுதிருப்பேன்.

"அண்ணே, இந்த மார்க்க வச்சிக்கினு நீ மெட்ராஸ்ல இன்னா பண்ணப்போற?" என்று கேட்டார். "அங்க இதுக்கு மரியாத கெடையாது. அதே பன்னெண்ட எங்கூட வந்து அங்க காட்னா எழுந்து நின்னு கை குடுப்பான். பேசாம அனுப்பு. எம் பொண்ணா பார்த்துக்கறேன். எம் பொண்டாட்டிக்கும் புள்ளைங்கள வச்சிக்கினு ஒரு ஒத்தாச."

அப்பா கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சீட்டு கெடைச்சா மெட்ராஸு. கெடைக்கலன்னா நீ கூட்டிட்டுப் போயிடு" என்றார். ஏதோ அரிசி இல்லாவிட்டால் கோதுமை என்கிற மாதிரி. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். 

இப்போது யோசித்தால் சித்தப்பா சொன்னது பெரும்பாலும் சரி. எங்கள் பன்னிரண்டுக்கு அர்த்தம் தெரிந்த இடம் அதுதான். அன்று எனக்கு அது எங்கே தெரிந்தது? எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல்.

கப்பல் ஏறக் கடலுக்குள் நீட்டிக் கட்டியிருந்த நம் கடற்கரைப் பாலம் புயலில் போனபின் அங்கே கறுப்புக் கறுப்பாகத் தூண்கள் மட்டும் நின்றதே, நினைவிருக்கிறதா? கப்பல் அதற்கெல்லாம் அப்பால் எங்கோ நிற்கும். படகில் அலையைத் தாண்டிப் போகணும். கப்பல் பக்கத்தில் போனதும் மேலிருந்து தொங்குகிற ஏணியில் ஏறணும். படகு மேலே வரும்போது காலைத் தூக்கி ஏணியில் வைக்கணும். அது கீழே போய்விட்டால் கால் அந்தரத்தில். ஒருமுறை யாரையோ வழியனுப்பப் போனபோது கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். தூரத்தில் ஏணியில் ஒரு பெண் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். புடவை கொடியாக அடித்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவள் ஏறிப் போனாளா என்று பார்க்காமலே என்னைக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்தக் கோடை முழுக்க எனக்குள் அவள் அந்த ஏணியில்தான் நின்றாள்.

மீன்கார அம்மாவிடம் கேட்டேன். "கடலு ஒண்ணும் பண்ணாது பாப்பா" என்றார். "பண்ணா சொல்லிட்டுத்தான் பண்ணும். அது சொல்றது நமக்குப் புரியறதில்ல, அவ்ளோதான்." ஆறுதலாகத்தான் சொன்னார்.

போதாக்குறைக்குச் சித்தப்பா எனக்கென்று ஒரு கோட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். சாம்பல் நிறக் கம்பளி. கை நீளம். பூச்சி உருண்டை வாசனை. வெயில் கொளுத்துகிற மாதத்தில் அதை மாட்டிப் பார்க்கச் சொல்லி எல்லோரும் சுற்றி நின்று அழகு பார்த்தார்கள். "தோள் இன்னும் கொஞ்சம் வளந்தா சரியா பூடும்" என்றாள் சித்தி. பிறகு அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்கள். கதவைச் சாத்தினால் அங்கே ஓர் ஆள் நிற்பான். தலை இருக்காது. நான் கதவைத் திறந்துபோட்டே படுத்தேன்.

முதல் தடவை நானும் அப்பாவும் மட்டும் சென்னை போனோம். விழுப்புரத்தில் வண்டி மாறி எழும்பூரில் இறங்கினோம். அப்பா கறுப்புக் கோட்டுப் போட்டு, கையில் துணி சுற்றிய நீள ரொட்டி ஒன்று வைத்திருந்தார், ஆபீசில் இருப்பவருக்குக் கொடுக்க. வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகாத மனுஷர். ஆபீசை மட்டும் விட்டுவிடுவாரா? கல்லூரி வாசலில் மரத்தடி முழுக்கப் பெண்களும் தகப்பன்மார்களும். எல்லார் கையிலும் ஒரே மாதிரி எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகம். என் கையில் பிரெஞ்சில் அச்சடித்த ஒற்றைக் காகிதம். இரட்டைச் சடையில் மல்லி வைத்த ஒரு பெண் தன் அப்பாவிடம், "எண்பத்திரண்டுக்குக் கெடைக்குமாப்பா?" என்று அழுகிற குரலில் கேட்டாள். எண்பத்திரண்டா! நூறு என்பது எத்தனை பெரிய எண் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே குமாஸ்தா என் காகிதத்தை ஒருமுறை தலைகீழாகப் பார்த்தார், பிறகு நேராக.

"இதென்ன, இருபதுக்கா? கணக்குல பன்னெண்டு." பென்சிலை எடுத்தார். "அஞ்சால பெருக்கினா அறுபது."

"அய்யா, பெருக்கக் கூடாதுங்க" என்றார் அப்பா.

"ஏன்?"

"இது எங்க ஊரு மார்க்குங்க. பன்னெண்டுன்னா பெரிய மார்க்கு. தெருவுக்கே ரொட்டி குடுத்தேன்."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவர்தான், அசதியாக இருந்தார். "அஞ்சால பெருக்கக் கூடாதுன்னா எத்தால பெருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ரொட்டி எத்தனை என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். 

"ஆறு... ஆறரையால பெருக்குங்களேன்" என்றார் மெல்ல.

பின்னால் நின்ற வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா அடுத்த வரியில் விரலை வைத்தார். "இதென்ன நாலு?"

"அது டிக்தே" என்றேன். அங்கே நான் பேசிய ஒரே வார்த்தை.

"அது இருபது" என்று எழுதிக்கொண்டார். "அறுபதும் இருபதும் வச்சிக்கிட்டு இந்த வரிசையில நிக்கறீங்களே சார். எண்பதுக்கே நாங்க யோசிக்கிறோம். வேணும்னா அடுத்த வாரம் தலைவி அம்மாவ நேர்ல பாருங்க. அவங்க சொன்னா உண்டு." ரொட்டியை வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் அந்த ரொட்டியை நாங்களே பிய்த்துத் தின்றோம்.  திண்டிவனம் தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏம்மா, அறுபதுன்னா கம்மிதானா?"

அப்போது வந்த பயம் கப்பல் பயத்தைவிடப் பெரியது. கப்பல் ஏறினால் அப்பாவை விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். இந்தக் கேள்வியில் அப்பா அல்லவா என்னை விட்டுப் போகிறார்? ஊரெல்லாம் சொல்லி ரொட்டி கொடுத்த மனுஷர், ஏமாந்துவிட்டோமோ என்று யோசிக்கிறார். இல்லைப்பா, நான் கெட்டிக்காரிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குமாஸ்தா ஒரே பெருக்கலில் என்னை வேறு ஆளாக ஆக்கிவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைப் பார்த்தேன். ஆணியில் பொறுமையாக இருந்தது. மறுநாளே சித்தப்பா பாஸ்போர்ட்டுக்கு என்னைப் படம் எடுக்கக் கூட்டிப்போனார். படக்காரர், "பாப்பா, கொஞ்சம் கண்ண சின்னதா வச்சிக்கோ" என்று கெஞ்சினார். முடியவில்லை. அந்தப் படம் ரொம்ப நாள் அம்மாவிடம் இருந்து எங்கோ தொலைந்தது. அடுப்பு வாயில் அகப்பட்ட பூனைக்குட்டி மாதிரி இருப்பேன் அதில்.

மத்மாசேலைப் பார்க்கலாம் என்றது அம்மாதான். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள். "மார்க்கு போட்டவங்கதான வந்து சொல்லணும்? ரொட்டி தீஞ்சா பக்கத்துக் கடையிலயா போயி கேப்பாங்க?" என்றாள். மூன்று பேரும் போனோம். மத்மாசேல் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை. பாதி சாத்திய ஜன்னல் வழியாக வெயில் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஒரு கோடுகூடக் கோணவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா நடந்ததைச் சொன்னார். அம்மா, "எங்க ஊரு பன்னெண்டுன்னா உங்க ஊருல எழுபத்தஞ்சுன்னு அந்தக் காலேஜுக்கு உங்க கையால ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

"நான் எழுபத்தஞ்சு போடல. பன்னெண்டு போட்டேன். போடாதத எழுதினா அதுக்குப் பேரு பொய்."

"இல்லன்னா புள்ள கப்பல் ஏறிடும்மா."

"கப்பல்ல எத்தனையோ பேர் போறாங்க, மதாம்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா வாசலுக்குத் திரும்பிவிட்டார். அப்போது மத்மாசேல் பின்னாலிருந்து கேட்டார்:

"முசே, பெருக்கினாங்கன்னு சொன்னீங்களே. யார் பெருக்கினது?"

"ஆபீஸ்ல குமாஸ்தாங்க."

"என் பன்னெண்ட? ஒரு குமாஸ்தா? பென்சிலாலயா?" குரல் நடுங்கியது. கோபத்தில் அவர் குரல் நடுங்கி நான் அன்றுதான் கேட்டேன். "அடுத்த வாரம் நான் வரேன்."

அம்மா அழுதே விட்டாள், சந்தோஷத்தில்.  அவர் எனக்காக வரவில்லை, தன் பன்னிரண்டுக்காக வருகிறார் என்று எனக்குப் பட்டது. அங்கே வந்து என் ஒவ்வொரு கோணல் கோட்டையும் எடுத்துச் சொல்வார். கொஞ்ச நஞ்சம் இருப்பதும் போகும்.

அடுத்த வாரம் ரயிலில் மத்மாசேல் எனக்கும் அப்பாவுக்கும் எதிரில் உட்கார்ந்தார். விழுப்புரம் வரை குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார். அதன்பின் திடீரென்று வட்டத்தைப் பற்றிக் கேட்டார், முக்கோணத்தைப் பற்றிக் கேட்டார். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியவை. ஒன்றுக்கும் எனக்கு வாய் திறக்கவில்லை. "இதுக்கு நாலு" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். செங்கல்பட்டு ஏரி முழுக்கத் தண்ணீர். எனக்கு அது கடலாகத் தெரிந்தது.

தலைவி அம்மா கதர்ப் புடவையில், மெல்லிய குரலில் பேசுபவர். நாற்காலி இரண்டு இருந்தன, யாரும் உட்காரவில்லை. என் காகிதத்தை நிதானமாகப் பார்த்தார்.

"உங்க கணக்குல நல்லா படிக்கிற பொண்ணுன்னா எவ்வளவு போடுவீங்க?"

"பன்னெண்டு" என்றார் மத்மாசேல்.

"ரொம்ப நல்லா படிச்சா?"

"பதின்மூணு. எப்பவாவது பதினாலு."

"அப்ப பதினேழு, பதினெட்டெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?" தலைவி அம்மா லேசாகச் சிரித்தார். "இந்தப் பொண்ணுக்கு ஒரு பதினேழு போட்டிருந்தீங்கன்னா நான் இப்ப இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லையே."

அதற்குத்தான் மத்மாசேல் நான் முதலில் எழுதிய பதிலைச் சொன்னார். இவளுக்கும் போட மாட்டேன் என்று.

 நான் கப்பல் ஏறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏறியிருந்தால் இந்தத் தமிழில் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த அறையில் நின்றவளுக்கு அது தெரியாதே. அவள் ஏணியில் நின்றாள். படகு கீழே போய்விட்டது.

"அம்மா, நான் உங்கள நம்பறேன்" என்றார் தலைவி அம்மா. இப்போது சிரிப்பு இல்லை. "ஆனா நான் நம்பினா மட்டும் போதாது. வெளியில எண்பது, எண்பத்தஞ்சு வாங்கின பொண்ணுங்க நிக்குது. அதுங்க அப்பாங்களுக்கு நான் பதில் சொல்லணும். உங்க பன்னெண்டு நல்ல பன்னெண்டா, சும்மா பன்னெண்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அன்று அது என்னைக் கொன்ற கேள்வி.  மத்மாசேல் வாயைத் திறந்து மூடினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தார்.

பிறகு குடையைச் சுவரில் சாய்த்தார். "உங்க கணக்குக் கேள்வித்தாள் ஒண்ணு குடுங்க, மதாம். நீங்க கஷ்டம்னு நெனைக்கறது எதுவோ அது."

அலமாரியிலிருந்து ஒன்று வந்தது, பழைய தேர்வுத்தாள். எனக்குத்தான் என்று நினைத்தேன். ரயிலில் வாங்கிய நாலு நினைவுக்கு வந்தது. அப்பா என் முதுகில் கை வைத்தார். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது மத்மாசேல். தொப்பியைக் கழற்றினார். நரைத்த முடி வேர்வையில் தலையோடு ஒட்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவர் தலையைப் பார்த்தது கிடையாது. "இங்கிலீஷ் எனக்கு வராது. இங்க என்ன கேட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்ச இங்கிலீஷை வைத்து நான் குனிந்து, திக்கித் திக்கி, பிரெஞ்சில் சொன்னேன். நான் தப்பாகச் சொன்னால் அவரும் தப்பாகப் போடுவாரே என்று அது வேறு பயம்.

எழுதினார். தலைவி அம்மா வேறு வேலை பார்ப்பதுபோல் காகிதங்களைப் புரட்டினார். ஆனால் ஒரே காகிதத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். குமாஸ்தா கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனார்.

முடித்ததும் மத்மாசேல் பையிலிருந்து அந்த இரட்டைப் பென்சிலை எடுத்தார். சிவப்பு முனையைத் திருப்பினார். தன் விடைத்தாளை வேறு யாருடையதோ மாதிரி முதல் வரியிலிருந்து படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "காரணம் சொல்லல" என்று முணுமுணுத்து ஒரு கோடு இழுத்தார். முக்கோணத்தைச் சுற்றி ஒரு வட்டம். "கை நடுங்கியிருக்கு." இன்னொரு இடத்தில் ஓரத்தில் ஏதோ எழுதினார். எல்லாம் முடித்து மேலே, வலது மூலையில், எங்களுக்குப் போடுகிற அதே இடத்தில், பதின்மூன்று என்று போட்டார்.

தலைவி அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு விடையாக வந்தார். "எல்லாமே சரியா இருக்கே. ஒண்ணுகூடத் தப்பில்லையே?"

"ஆமா, மதாம். தப்பில்ல" என்றார் மத்மாசேல்.

அந்த அம்மா என் காகிதத்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பதின்மூன்றைப் பார்த்தார். பன்னிரண்டைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து விடைகளைப் படிக்கத் தொடங்கினார்.

மத்மாசேல் எழுந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, மேஜைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை. மேஜைக்குக் கீழே அவர் கை மட்டும் தடவித் தடவி வந்து என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. அது வேர்த்து நனைந்து, என் கையைவிடச் சில்லென்று இருந்தது.